டீஸல் புகை விதிகளும் கரிப்புகை வடிகட்டியும்

ஐம்பது குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர் அல்லது அறுவடை யந்திரத்தைச் சமீப காலத்தில் வாங்கிய குடியானவர்கள், அதன் புகைக்குழாயின் நடுவே பீப்பாய் போன்ற ஒரு பருத்த உறுப்பு அமைந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். ஓட்டுபவருக்கு எதிரே உள்ள பலகையில், பழைய வண்டிகளில் காணாத புதிய விளக்குகளும் எரிகின்றன. இவை எதற்காக என்பதை விற்பவரும் விளக்குவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. நடவுக் காலத்தின் அவசரத்தில் விளக்கு எரிந்து இஞ்சினின் வேகம் குறைந்த பின்னரே விசாரணை ஆரம்பமாகிறது. அச்சமயத்தில் அருகிலுள்ள பட்டறைக்காரர் அவ்வுறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங் குழாய் வைத்துவிடலாம் என்று யோசனை சொல்லக்கூடும். அந்த யோசனையை ஏற்பதற்கு முன் குடியானவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை இங்கே விவரிப்போம்.

புகை உண்டாகும் விதம்

டீஸல் இஞ்சினில் காற்று மிகுந்த அழுத்தத்திற்குள்ளாகிப் பெரிதும் சூடேறுகிறது. அந்தச் சூடான காற்றில் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்பட்டுத் தானே தீப்பற்றிக்கொள்ளுகிறது. எண்ணெய்த் துளிகள் நெருக்கமாயும் பிராணவாயு குறைவாயும் உள்ள இடங்களில் எண்ணெய் முற்றிலும் எரியாமல் கரியாக மாறுகிறது. நாம் காணும் கரும்புகை இதுவே. சூடு மிகுந்த இடங்களிலோ காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்து, மூச்சுக்குழலை எரிக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களாக மாறுகின்றன. இவற்றைக் குறைக்கச் சூட்டைத் தணித்தால் கரி அதிகப்படுகிறது. கரியைக் குறைக்கச் சூட்டை ஏற்றினால் இவ்வாயுக்கள் அதிகப்படுகின்றன. ஆகையால் இஞ்சினின் உள்ளே செய்யும் திருத்தங்களால் மாத்திரம் இரண்டையும் ஒருங்கே வெகுவாகக் குறைப்பது கடினம். இக்காரணம் பற்றியே, இஞ்சினை விட்டு வெளியே வந்த புகையைக் குழாயிலேயே சுத்தி செய்யும் முறைகள் ஏற்பட்டன.

புகையினால் விளையும் தீங்கு

கரித்துகள் மிகவும் நுண்மையானது. பெரும்பாலான துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை. வயல் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளிப்பட்டு விடும். இத்துகளோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரையில் சென்று தங்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீர்மானித்து, அதனை முதல் வகுப்பில் சேர்த்தது. இது நகரவாசிகளுக்கு மாத்திரம் உரிய கவலையன்று. எட்டு மணி நேரம் டிராக்டரின் மேல் அமர்ந்திருப்பவரும், கதிரடிக்கும் யந்திரத்தின் அருகில் நின்று வேலை செய்யும் ஆட்களும், கொட்டகைக்குள் இஞ்சினை ஓட்டிவிட்டு அங்கேயே படுத்துறங்கும் காவற்காரனும் இப்புகையை மிக அருகில் சுவாசிப்பவர்கள்.

விதிகள் வந்த வரலாறு

நமது நாட்டில் சாலையில் ஓடும் வண்டிகளுக்குப் "பாரத் ஸ்டேஜ்" என்றும், விவசாய டிராக்டர்களுக்கு "டிரெம்" என்றும் தனித்தனியே புகை வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. டிராக்டர்களுக்குரிய முதற்படி 1999-ஆம் ஆண்டிலும், இரண்டாம் படி 2003-ஆம் ஆண்டிலும், மூன்றாம் படி 2005-ஆம் ஆண்டிலும் அமலுக்கு வந்தன. மூன்று-ஏ என்னும் படி, இஞ்சினின் சக்திக்குத் தக்கபடி 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்டது. நான்காம் படி முதலில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற்கென்று குறிக்கப்பட்டுப் பின்னர் ஒத்திவைக்கப்பட்டு, 50 குதிரைசக்திக்கு, அதாவது சுமார் 37 கிலோவாட்டிற்கு, மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. நம் நாட்டில் விற்பனையாகும் டிராக்டர்களில் பெரும்பகுதி இவ்வளவிற்குட்பட்டவையாதலால், அவற்றை நான்காம் படி தொடவில்லை.

இதனால் ஏற்பட்ட மாறுதலை ஒரு கணக்கினால் அறியலாம். 37 முதல் 56 கிலோவாட் வரையுள்ள இஞ்சினுக்கு, மூன்று-ஏ படியில், ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.4 கிராம் கரித்துகள் வரை அனுமதி இருந்தது. நான்காம் படியில் அது 0.025 கிராமாகக் குறைக்கப்பட்டது. அதாவது பதினாறில் ஒரு பங்கு. அறுபது குதிரைசக்தி டிராக்டர் ஒன்று சராசரி 30 கிலோவாட் வீதம் எட்டு மணி நேரம் உழுவதாக வைத்துக்கொண்டால், அது செய்த வேலை 240 கிலோவாட்-மணி ஆகும். பழைய வரம்பின்படி அன்று 96 கிராம் கரியும், புதிய வரம்பின்படி 6 கிராம் கரியும் வெளிப்படலாம். இவ்விதம் நூறு நாள் உழைத்தால், முந்தியது ஒன்பதரைக் கிலோவிற்கு மேல்; பிந்தியது அறுநூறு கிராம்.

இவ்விதிகள் யந்திரம் தயாராகும்போது அதற்கு விதிக்கப்படுபவை. முன்னமே வாங்கி உழைத்துவரும் பழைய டிராக்டர்களுக்குப் புதிதாக வடிகட்டி பொருத்த வேண்டுமென்று இவ்விதிகள் கூறவில்லை. ஆனால் வடிகட்டியுடன் தயாரான யந்திரத்திலிருந்து அதை நீக்க எவருக்கும் உரிமை இல்லை. ஐரோப்பாவில் 2019-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக அமலுக்கு வந்த ஐந்தாம் படியில், 19 முதல் 560 கிலோவாட் வரையுள்ள இஞ்சின்களில் கரியை நிறுப்பதோடு நில்லாமல் துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்துள்ளார்கள். இவ்வரம்பை வடிகட்டியின்றி எட்டுவது ஏறக்குறைய இயலாத காரியம். நமது நாட்டின் ஐந்தாம் படியும் இதனையொட்டியே வகுக்கப்பட்டதாகும். ஆகவே இன்று சிறிய டிராக்டர் வைத்திருப்பவரும் இவ்விஷயத்தை அறிந்துகொள்ளுவது நலம்.

வடிகட்டியின் அமைப்பு

இக்கரிப்புகை வடிகட்டியை யந்திரக்காரர்கள் "டி.பி.எப்." என்று சுருக்கமாக அழைப்பர். இது தேனடையைப் போன்றதொரு பீங்கான் கட்டி. கார்டியரைட் அல்லது ஸிலிகன் கார்பைடு என்னும், சூட்டைத் தாங்கவல்ல பொருளால் செய்யப்படுவது. அதில் நெடுக ஓடும் எண்ணற்ற நுண்குழல்கள் உண்டு. ஒரு குழலின் முன்வாய் திறந்தும் பின்வாய் அடைத்தும், அதற்கடுத்த குழலின் முன்வாய் அடைத்தும் பின்வாய் திறந்தும் மாறிமாறி இருக்கும். புகை திறந்த வாய் வழியே நுழைந்து மேலே செல்ல வழியின்றி, பக்கச் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்களின் மூலம் அடுத்த குழலுக்குக் கசிந்து வெளியேறுகிறது. கரியோ சுவரிலேயே தங்கிவிடுகிறது. கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டும்போது நீர் இறங்கி வண்டல் துணியில் தங்குவதைப் போன்றதே இது. நல்ல நிலையிலுள்ள வடிகட்டி, கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் பிடித்துவிடும்.

இது வேலை செய்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. இஞ்சின் நன்றாக ஆறியபின் புகைக்குழாயின் வாய்க்குள் விரலைத் துணி சுற்றித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் கரி படியாவிட்டால் வடிகட்டி நலமாயிருக்கிறது. கருமையாகப் படிந்தால் அது விரிசல் கண்டிருக்கவேண்டும், அல்லது எவரேனும் அதை நீக்கியிருக்கவேண்டும். பழைய வண்டி வாங்குவோர் விலை பேசுவதற்கு முன் இச்சோதனையைச் செய்வது உசிதம்.

கரியை எரித்துக்கொள்ளும் முறை

துணியில் வண்டல் நிறைந்தால் அலசவேண்டும். அதுபோல் வடிகட்டியில் கரி நிறைந்தால், அது தன்னைத்தானே எரித்துச் சுத்தி செய்துகொள்ளும்படி யந்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது. இது இரண்டு விதமாய் நடைபெறுகிறது.

முதலாவது, உழவு முதலிய கடின வேலையின்போது தானாக நடப்பது. வடிகட்டிக்கு முன்னுள்ள கிரியாஊக்கிப் பெட்டியில் புகையின் ஒரு பகுதி நைட்ரஜன்-டை-ஆக்ஸைடாக மாறி, ஏறக்குறைய 250 முதல் 400 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலேயே கரியை மெதுவாக எரித்துவிடுகிறது. ஓட்டுபவருக்கு இது நடப்பதே தெரியாது.

இரண்டாவது, கரி அதிகமாகத் தங்கிவிட்டபோது யந்திரம் வேண்டுமென்றே செய்வது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு கருவி அளந்து, அடைப்பு ஏற்பட்டதை அறிவிக்கிறது. உடனே சிறிது எண்ணெய் அதிகமாகப் பீச்சப்பட்டு, கிரியாஊக்கிப் பெட்டியில் எரிந்து, வடிகட்டியின் உஷ்ணத்தை 550 முதல் 600 டிகிரிக்கும் மேலாக உயர்த்துகிறது. சுமார் அரை மணி நேரத்தில் கரி முழுவதும் எரிந்துபோகும். விளக்கு எரிவது இந்நிலையைத் தெரிவிப்பதற்கே. சில சமயங்களில் வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்து இதைச் செய்யும்படி யந்திரம் கேட்கும்.

இவ்வேலை நடக்கும்போது இஞ்சினை நிறுத்துவதுதான் குடியானவர்கள் செய்யும் பெரும் பிழை. ஒருமுறை நிறுத்தினால் கேடில்லை. நாள்தோறும் நிறுத்தினால் கரி மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். பீச்சப்பட்ட எண்ணெயில் ஒரு பங்கு இஞ்சினின் மசகெண்ணெயில் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்து காணும். இறுதியில் மிதமிஞ்சிச் சேர்ந்த கரி ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் எரிந்து பீங்கானைப் பிளந்துவிடும். அப்பால் புதிய வடிகட்டி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் விலை அற்பமன்று.

வேலையின்றி இஞ்சினை நெடுநேரம் ஓடவிடுவதும் தீமையே. அப்போது புகையின் சூடு குறைவாயிருப்பதால் கரி எரியாமல் சேருகிறது. பெரிய டிராக்டரை இலேசான வேலைக்கே உபயோகிப்பவர்களுக்கும் இத்தொல்லை அதிகம். எனவே வாரத்தில் ஒருமுறையாவது, நல்ல சுமையுடன் தொடர்ந்து ஒரு மணி நேரம் வேலை வாங்குவது யந்திரத்திற்கு நன்மை தரும்.

களத்திலும் வயலிலும் நெருப்பு அபாயம்

மேற்சொன்ன 600 டிகிரி உஷ்ணத்தை ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளவேண்டும். காய்ந்த வைக்கோல் தீப்பற்றுவதற்கு இதில் பாதி உஷ்ணங்கூடத் தேவையில்லை. அறுவடை யந்திரத்தின் புகைக்குழாயருகில் சுணையும் தூசியும் எப்போதும் படிந்திருக்கும். அந்நிலையில் வடிகட்டி தன்னைச் சுத்தி செய்துகொள்ள ஆரம்பித்தால், ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான நெல்லும் மாட்டுத் தீவனமும் ஒரு நாழிகையில் சாம்பலாகக்கூடும். ஆகையால்,

1. தினமும் வேலை தொடங்குமுன், இஞ்சின் ஆறியிருக்கும்போது, வடிகட்டியையும் குழாயையும் சுற்றியுள்ள வைக்கோல், சுணை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை நீக்கவேண்டும்.

2. விளக்கு எரியும்போது வைக்கோற்போர், களம், கூரைக் கொட்டகை, காய்ந்த புல் ஆகியவற்றின் அருகில் வண்டியை நிறுத்தலாகாது. வெறுந்தரையில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துக.

3. பல யந்திரங்களில் இவ்வெரிப்பைத் தற்காலிகமாகத் தடுக்கும் பொத்தான் உண்டு. களத்தருகில் வேலை செய்யும்போது அதை உபயோகிக்கலாம். வேலை முடிந்து வெளியே வந்தவுடன் தடையை நீக்கி, எரிப்பு நிறைவேறும்படி விடவேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடுதல் ஆகாது.

4. எரிப்பு முடிந்தபின்னும் சிறிது நேரம் சிறுவர்களையும் கால்நடைகளையும் குழாயருகில் விடலாகாது.

எண்ணெய்களின் தேர்வு

நாடு முழுவதும் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகமுள்ள டீஸலும், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 10 பங்கு மாத்திரமே கந்தகமுள்ள டீஸலும் விற்கப்பட ஏற்பாடாயிற்று. கந்தகம் கிரியாஊக்கியின் சக்தியைக் கெடுப்பதால் இவ்வேற்பாடு வடிகட்டிக்கு இன்றியமையாதது. விலை மலிவென்று கருதி மண்ணெண்ணெய் கலப்போர் இதைக் கவனிக்கவேண்டும். மண்ணெண்ணெயில் கந்தகம் பன்மடங்கு அதிகமாயிருக்கலாம். பழைய இஞ்சின் அதைப் பொறுத்தது. புதிய இஞ்சின் பொறுக்காது.

மசகெண்ணெயும் அவ்வாறே. சாதாரண மசகெண்ணெயில் சேர்ந்துள்ள கால்ஸியம், துத்தநாகம், பாஸ்பரஸ் முதலியவை எரிந்து சாம்பலாகின்றன. கரி எரிந்து வாயுவாகப் போய்விடும், சாம்பல் போகாது. அது வடிகட்டியின் குழல்களில் தங்கி நாளடைவில் அவற்றை நிரப்பும். ஆகையால் சாம்பல் குறைந்ததெனக் கைப்புத்தகத்தில் குறித்துள்ள எண்ணெயையே வாங்கவேண்டும். அப்படிச் செய்தாலும், சில ஆயிரம் மணி வேலைக்குப் பின் வடிகட்டியைக் கழற்றி, தக்க கருவிகளுள்ள இடத்தில் சாம்பலை அகற்றவேண்டியிருக்கும். இதைத் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுவது பீங்கானைக் கெடுக்கும்.

யூரியாக் கரைசலைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சுமார் 75 குதிரைசக்திக்கு மேற்பட்ட இஞ்சின்களில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் வரம்பு மிகக் கடுமையானது. அதனால் அவை பலவற்றில் யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் மற்றொரு சாதனமும் உண்டு. அதற்கான கரைசல் நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியாவைக் கனிமநீக்கிய நீரில் கரைத்தது. வீட்டிலுள்ள உர யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வயலுக்குரிய யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சும் வேறு அசுத்தங்களும் உள்ளன. அவை தெளிப்பானை அடைத்து, கிரியாஊக்கியைப் பாழாக்கும். அன்றியும், சர்க்கார் மானியத்தில் வழங்கும் உரத்தைப் பயிருக்கன்றி வேறு காரியத்திற்கு உபயோகிப்பதை 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவு தடுக்கிறது.

வடிகட்டியை நீக்கிவிடலாமா?

வடிகட்டியினால் குடியானவருக்குச் செலவு இல்லையென்று கூறுவது உண்மையாகாது. யந்திரத்தின் விலை கூடுகிறது. கரியை எரிக்கச் சிறிது டீஸல் செலவாகிறது. தக்க மசகெண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டும். பழுது பார்க்கக் கிராமத்துப் பட்டறை போதாமல் நகரத்திற்குச் செல்லவும் நேரலாம். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் நீக்குவதனால் வரும் நஷ்டத்தையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

வடிகட்டியைக் கழற்றினால் மாத்திரம் யந்திரம் ஒழுங்காய் ஓடாது. அழுத்தமும் உஷ்ணமும் அளக்கும் கருவிகள் பிழை காட்டி இஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். அதற்காக இஞ்சினை நடத்தும் மின்கருவியின் உட்பதிவையும் மாற்றவேண்டியிருக்கும். அவ்வாறு மாற்றிய யந்திரத்திற்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் கிடைப்பதற்கில்லை. பிற்காலத்தில் விற்கும்போது விலையும் குறையும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுக்கு மாறான விதத்தில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றியமைக்கும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று அசுத்தத்தைப் பற்றிய வரம்புகளை மீறிப் பொதுவிடத்தில் ஓட்டுவதற்கு முதல் முறை பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறைவாசமோ இரண்டுமோ உண்டு.

இவை யாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. கழற்றிய வடிகட்டி பிடித்திருக்கவேண்டிய கரி எங்கே போகிறது? வண்டியை ஓட்டும் மகனுடைய நெஞ்சிலும், பின்னால் நின்று கதிர் தூக்கும் ஆளுடைய நெஞ்சிலுமே அதில் ஒரு பங்கு போய்த் தங்குகிறது. அந்த நஷ்டத்திற்குப் பணத்தால் ஈடு இல்லை.

கிராம அதிகாரிகளுக்கும் சங்கங்களுக்கும்

டிராக்டர்களின் புகையைப் பற்றிய விதிகள் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஏ விதியில் அடங்கியுள்ளன. கிராம அதிகாரிகள் இவற்றைக் குடியானவர்களுக்குத் தண்டனைக்காக அன்றி அறிவுக்காக எடுத்துரைப்பது நன்று. அறுவடைக் காலத்தில் வெளியூர்களிலிருந்து வரும் வாடகை யந்திரங்களின் ஓட்டுநர்களிடம், எரிப்பு விளக்கு எரியும்போது போரருகில் நிறுத்தவேண்டாமென்று முன்கூட்டியே எச்சரித்தல் வேண்டும். களத்தில் இரண்டு குடம் தண்ணீரும் மணலும் தயாராக வைக்கச் செய்வது சிறிய காரியமே எனினும், அதனால் விளையும் பயன் பெரிது. யந்திரங்களைக் கூட்டாக வைத்து வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள், ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, வேலை செய்த மணி, எரிப்பு நடந்த நாள், மசகெண்ணெய் மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதிவரவேண்டும். பல கைகள் மாறும் யந்திரத்தில், முதல்நாள் ஓட்டியவர் எரிப்பைப் பாதியில் நிறுத்தியது மறுநாள் ஓட்டுபவருக்குத் தெரிய வேறு வழியில்லை.

முடிவாக, குடியானவர்கள் நினைவிற் கொள்ளவேண்டியவை சிலவே. கைப்புத்தகத்தில் கூறிய எண்ணெயையே ஊற்றுக. விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாதிருக்க. எரிப்பைப் பாதியில் நிறுத்தாதிருக்க. வைக்கோலுக்கு அப்பால் வண்டியை நிறுத்துக. ஏர்மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் அடித்துப் போடுகிறோமேயன்றி, செலவென்று கருதிக் காலை வெட்டுவதில்லை. யந்திரத்தின் உறுப்பையும் அவ்விதமே பேணி வந்தால், அது பல போகங்களுக்குக் குறைவின்றி உழைக்குமென்பதில் ஐயமில்லை.